பட்டுக்கு விழுப்பில்லை

பட்டுக்கு விழுப்பில்லை, அதாவது தீட்டில்லை, என்பது நம்முடைய பழைய குடும்பங்களில் யாரும் காரணம் கேளாமல் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு சித்தாந்தம். பருத்தி வேட்டியாயிருந்தால் அன்றாடம் நனைத்து, பிறர் கை படாத உயரத்தில் கொடியில் உலர்த்தி, கோலால் எடுத்து உடுத்தினால்தான் மடி. பட்டாயிருந்தால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கட்டிக்கொண்டு பூஜையில் உட்கார்ந்துவிடலாம், தோஷமில்லை. கூட்டுக்குள் உயிரோடிருக்கும் புழுவைக் கொதிநீரில் மாய்த்து இழுத்த நூல் எவ்வாறு எல்லா ஆடைகளிலும் பரிசுத்தமானதாயிற்று என்ற சங்கடத்தை மனத்தில் கொண்டு, பட்டையே விட்டுவிடும்படி உபதேசித்தவர் காஞ்சிப் பெரியவர். அவருடைய வாக்கைச் சிரமேற்கொண்ட குடும்பங்கள் சில உண்டு என்றாலும், முகூர்த்த நாளில் ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்தை எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த உபதேசம் எவ்வளவு தூரம் சென்றது என்பது விளங்கிவிடும். ஆரணிக்காரர்கள் அதற்காக வருத்தப்படப் போவதில்லை.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுப்புறத்து ஊர்களும் பட்டை நம்பியே வாழ்கின்றன. அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் ஆரணி என்றவுடன் வெளியூரார் நினைப்பது சேலையை. வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி, அதற்குமேல் ஜக்கார்டு பெட்டி, தறிக்காரர் காலால் மிதிக்க மிதிக்க எழும்பும் ஓசை, ஒரு பாவு தீர்ந்ததும் அதன் நுனி இழை ஒவ்வொன்றையும் புதுப் பாவின் இழையோடு முறுக்கிப் புணைத்துக்கொண்டிருக்கும் விரல்கள், இவையெல்லாம் அந்த வீதிகளில் நடந்தவர்களுக்குப் பரிச்சயமான காட்சிகள். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது சேலையைப் பற்றியன்று. அதே புழுவின் நூல், கறுப்புச் சாயம் ஏற்றிப் பின்னப்பட்டு, ஊசியில் கோக்கப்பட்டு, கிருமி நீக்கிய உறைக்குள் அடைபட்டு ஆஸ்பத்திரிக்கும் போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒரு நோயாளியின் கழுத்துச் சிரைக்குள் செலுத்திய குழாயை நழுவாமல் தோலோடு சேர்த்துத் தைப்பதற்கு இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் பட்டைத்தான் எடுக்கிறார்கள். அந்த இடத்தில் பட்டுக்கு விழுப்பு உண்டு. கொஞ்சநஞ்சமன்று, நிறையவே உண்டு.

இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியவர்கள் எலெக், கோனென் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். தோலில் சீழ் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியை, தாமாக முன்வந்த மனிதர்களின் தோலுக்குள்ளேயே ஊசியால் ஏற்றிப் பார்த்து, எத்தனை கிருமிகள் இருந்தால் சீழ்க்கட்டி தோன்றும் என்று 1957இல் கணக்கெடுத்தார்கள். வெறும் தோலாயிருந்தால் லட்சக்கணக்கில் அல்ல, பல பத்து லட்சக்கணக்கில் வேண்டியிருந்தது. அதே தோலில் ஒரே ஒரு பட்டுத் தையல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமானதாயிருந்தன. தேவைப்பட்ட அளவு ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. காரணம் சூட்சுமமானதுமில்லை. உடம்புக்கு அந்நியமான எந்தப் பொருளும் ரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமியைச் சூழ்ந்து அழிப்பதற்கு இடைஞ்சல். அதிலும் பல இழைகள் சேர்த்துப் பின்னிய பட்டு, தன் இடுக்குகளில் ஈரத்தை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டே போகும். சாயம் போடுமுன் சோப்பும் சோடாவும் இட்ட நீரில் கொதிக்க வைத்துப் பட்டின் பசையை நீக்குவது ஆரணியில் குழந்தைக்கும் தெரியும். தையலுக்கான பட்டையும் அப்படித்தான் பசை நீக்கி, மெழுகோ வேறு பூச்சோ கொடுத்து அனுப்புகிறார்கள். பசை போகிறது, பின்னல் போகிறதில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 2011இல் வெளியிட்ட விதிகளில், குழாயைத் தைக்காமல் ஒட்டிப் பிடிக்கும் சாதனங்களையே பயன்படுத்தலாம் என்று சொல்லியிருப்பது இதனால்தான்.

பட்டின்மேல் குற்றம் சாட்டிவிட்டு அதற்கு நாம் பட்ட கடனைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1865இல், தெற்குப் பிரான்ஸின் அலேஸ் பிரதேசத்தில் பட்டுப்புழுக்கள் உடலெங்கும் கரும்புள்ளி தோன்றிக் கூட்டங்கூட்டமாக மடிந்து, பட்டையே நம்பியிருந்த குடும்பங்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் நின்றபோது, அதுவரையில் ஒரு பட்டுப்புழுவைக் கையால் தொட்டறியாத லூயி பாஸ்டர் அங்கே அனுப்பப்பட்டார். இடையில் பக்கவாதத்தில் விழுந்து ஒரு பக்கம் செயலற்றுப்போயும் விடாமல், ஐந்தாறு வருஷங்கள் அந்த வேலையிலேயே கிடந்தார். அவர் கண்ட உபாயம் எளியது. தாய் அந்துப்பூச்சி ஒவ்வொன்றையும் தனித்தனியே முட்டையிட விட்டு, பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்து, நோய்க்கிருமி தென்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும். நோய் வந்தபின் மருந்து தேடுவதை விட்டு, நோய் நுழையும் வாசலை அடைப்பது என்ற எண்ணம் நடைமுறையில் வெற்றி கண்ட ஆதி சந்தர்ப்பங்களில் அது ஒன்று. 1878இல் அதே பாஸ்டர் பாரிஸில் வைத்தியர்களின் சபையில் நின்றுகொண்டு, கையைக் கழுவுங்கள், கருவிகளை நெருப்பில் காட்டுங்கள் என்று அறுவை மருத்துவர்களுக்குப் புத்தி சொன்னார். அவர் வைத்தியரே அல்லர் என்பதால் அவர்களில் பலருக்கு அது ரசிக்கவில்லை. இன்றும் நம் நாட்டில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் தாய் அந்துப்பூச்சியை அரைத்துப் பார்க்காமல் முட்டை வெளியே போவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் புழு வளர்ப்பு மனைக்குள் நுழைகிறவர்கள் பிளீச்சிங் பவுடர் கரைசலில் காலை நனைத்து, கையைக் கழுவிக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்று பட்டு வளர்ச்சித் துறையினர் போதிக்கிறார்கள். ஒரு புழுவுக்குக் காட்டும் இந்த மரியாதையைப் படுக்கையில் கிடக்கும் மனிதனுக்கும் காட்டுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஆரணிப் பக்கத்து மனிதர் ஒருவர் எவ்வாறு அந்தப் படுக்கைக்குப் போய்ச் சேருகிறார் என்பதைப் பார்க்கலாம். மழை நின்று பனி இறங்கும் மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை வட்டாரங்களில் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், தலைகாட்டும். புதரில் இருக்கும் கண்ணுக்குப் புலப்படாத சிறு பூச்சி கடித்த இடத்தில் ஒரு கறுத்த பொருக்கு. ஒரு வாரக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறியிலோ வயலிலோ உட்கார்ந்திருக்கையில் திடீரென்று மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆரணி அரசு மருத்துவமனையில் முதலுதவி முடித்து, 108 வண்டி கண்ணமங்கலம் வழியாக வேலூரை நோக்கி ஓடும். நகருக்குள் நுழையுமுன் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கப்பால் ஊருக்குள் 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. இந்தக் காய்ச்சல் முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அஸித்ரோமைசின் என்ற பழைய மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023இல் நிரூபித்த இந்திய ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்கள் அந்த சி.எம்.சி. மருத்துவர்கள்தாம். மருந்து இருக்கிறது, விலையும் பெரிதன்று. ஆனால் மருந்து வேலை செய்யும்வரை நோயாளியின் பிராணனைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளைக் கைச்சிரையில் வெகுநேரம் ஏற்றினால், கசிந்து சதையைக் கருக்கிவிடும் அபாயம் உண்டு. ஆகையால் கழுத்திலோ, காறை எலும்பின் கீழோ, தொடை இடுக்கிலோ உள்ள பெரிய சிரை ஒன்றைத் துளைத்து, இருதயத்தின் வாசல் வரையில் எட்டும் குழாய் ஒன்றைச் செலுத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் அதன் பெயர் சென்ட்ரல் லைன். வெளியே வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் வீட்டாருக்கு அது கழுத்தில் போட்ட ஊசி.

மனித இருதயம் வரையில் ஒரு குழாய் போகலாம் என்பதை முதன்முதலில் துணிந்து காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மானிய டாக்டர். 1929இல், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம்முடைய கைச்சிரையிலேயே 65 சென்டிமீட்டர் குழாயை ஏற்றிக்கொண்டு, அது இருதயத்தை எட்டியிருப்பதை எக்ஸ்ரே படத்தில் பதிவு செய்தார். 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கிருமி நீக்கிய கருவிகள் இருந்த அலமாரியின் சாவி கெர்டா டிட்ஸென் என்ற செவிலியிடம் இருந்ததால், சோதனையை அவர்மேலேயே செய்வதாகச் சொல்லி அவரை மேஜையில் கட்டிப் போட்டுவிட்டுத் தம் கையைக் கீறிக்கொண்டார் என்பது அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. சாவி செவிலியிடம், தீர்மானம் டாக்டரிடம் என்ற ஏற்பாடு இந்தக் குழாயோடு கூடவே பிறந்தது.

குழாயைச் செலுத்தும் காரியத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். டாக்டர் கைகளைக் கழுவுகிறார். தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் மாட்டிக்கொள்கிறார். நோயாளியின் கழுத்தில் குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலை முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்த்துவிட்டு, எதையும் தொடாமல் நிற்கிறார். இந்த நிற்றல்தான் எல்லாவற்றிலும் கடினம். அந்தத் திரவம் தானாக உலர வேண்டும், அரை நிமிஷமாவது ஆகும், உலர்கிற அந்த அவகாசத்தில்தான் அது கிருமிகளைக் கொல்லுகிறது. ரத்த அழுத்தம் அறுபதுக்கு இறங்கி, மானிட்டர் ஓயாமல் கூவிக்கொண்டிருக்கையில், பத்துப் பேர் பார்க்க ஒரு மனிதன் அரை நிமிஷம் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பஞ்சால் ஒற்றி ஈரத்தைத் துடைத்துவிட்டு ஊசியை எடுக்கிறவர்களும் உண்டு. பிறகு தலை முதல் கால் வரையில் நோயாளியை மூடும் பெரிய துணி. அதற்குப் பதிலாகக் கைக்குட்டை அகலத்தில் நடுவே துவாரமிட்ட துணியோடு திருப்தி அடைந்துவிட்டால், சிரைக்குள் வழிகாட்டப் போகும் நீண்ட கம்பியின் வால் படுக்கை விரிப்பிலோ தலையணையிலோ உரசி, அங்குள்ளதையெல்லாம் உள்ளே அழைத்துச் செல்லும். அல்ட்ராசவுண்டு திரையில் சிரையைப் பார்த்துக்கொண்டு ஊசி, ஊசிக்குள் கம்பி, கம்பியின்மேல் குழாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக் கடைசியில் தையல் போட்டு முடிப்பதற்குத் தேர்ந்த கைக்குக் கால் மணி நேரம்.

எந்தச் சிரை என்பதிலும் ஒரு விவேகம் தேவை. தொடை இடுக்கு எளிது, ஆயினும் மலஜலம் படும் இடம். பெரியவர்களுக்கு இயன்ற வரையில் அதை விலக்க வேண்டும். காறை எலும்பின் கீழ் போட்டால் கிருமித்தொற்று குறைவு, ஆனால் நுரையீரலைத் துளைத்துவிடும் அபாயம் கூடுதல் என்று 2015இல் பிரான்ஸில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்று காட்டிற்று. நம் ஊரில் பெரும்பாலானோர் கழுத்தோடு நிற்பதற்கு அதுவே காரணம். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு ஜாக்கிரதையாக நுழைத்த குழாயும் நுழைத்த நாளிலிருந்தே கிருமிகளுக்குத் திறந்த பாதை. முதல் நாட்களில் அவை தோலிலிருந்து குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இறங்குகின்றன; நாட்பட நாட்பட, மருந்து ஏற்றுவதற்காகத் திறந்து மூடும் வாய்களின் வழியே, தொடுகிறவர்களின் விரலிலிருந்து உட்புறமாகப் போகின்றன. பலநாள் தேய்க்காமல் நீர் பிடித்துவைத்த குடத்தின் உட்புறம் விரலுக்கு வழுக்குமே, அதுபோல் ஒரு மெல்லிய படலத்தைக் கட்டிக்கொண்டு கிருமிகள் குழாயின் சுவரில் குடியேறிவிட்டால், ரத்தத்தில் எவ்வளவு வீரியமான மருந்தை ஏற்றினாலும் படலத்துக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் குழாயையே பிடுங்கி எறிய வேண்டியதாகிறது. உண்ணிக் காய்ச்சலிலிருந்து நான்காம் நாள் கண் விழித்த மனிதருக்கு எட்டாம் நாள் மறுபடியும் குளிர் நடுக்கத்தோடு ஜுரம் ஏறுகிறதென்றால், வீட்டார் பழைய நோய் திரும்பிவிட்டது என்றே நினைக்கிறார்கள். அது பழைய நோயன்று, ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் வந்தது.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதை அளக்க உலகெங்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பத்து நோயாளிகளுக்குப் பத்துப் பத்து நாள் குழாய் இருந்தால் அது 100 குழாய் நாட்கள். இப்படி 1,000 குழாய் நாட்களுக்கு எத்தனை பேர் ரத்தத்தில் தொற்று கண்டது என்பதே கணக்கு. நம் நாட்டில் ஏழு நகரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து 2007இல் வெளியான ஆய்வில் அந்த எண் 7.92. டில்லி எய்ம்ஸ் முன்னின்று நடத்திய கண்காணிப்பில், 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 ஆஸ்பத்திரிகளின் 89 பிரிவுகளில் எடுத்த கணக்கு 8.83, பச்சிளங்குழந்தைகளின் பிரிவுகளில் நிலைமை இதனினும் மோசம். இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் நடந்தவை, ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடலாகாது. ஆயினும் பத்து வருஷத்தில் நாம் முன்னேறிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ள இவை இடம் கொடுக்கவில்லை. பயப்பட வேண்டிய செய்தி பின்னே சொன்ன ஆய்வில் வேறு ஒன்று இருக்கிறது: ரத்தத்தில் கண்ட கிருமிகளில் ஏறத்தாழக் கால்பங்கு க்ளெப்சியெல்லா என்ற இனம், அவற்றில் நூற்றுக்கு 72, கடைசி ஆயுதமாக நாம் வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கும் கட்டுப்படாதவை. மலிவான மாத்திரைக்கு வசப்படும் நோயோடு உள்ளே போனவருக்கு, மருந்துக்கு எளிதில் அடங்காத நோயை உள்ளேயிருந்து கொடுத்தனுப்புகிறோம்.

இது விதியன்று, தடுக்கக்கூடியது என்பதை 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணம் உலகத்துக்குக் காட்டிற்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர், கை கழுவுதல், முழுமையாகப் போர்த்துதல், குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்தல், தொடையை விலக்குதல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் என்ற ஐந்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைப்பிடிக்கச் செய்தார். ஒன்றரை வருஷத்துக்குள் சராசரி 7.7இலிருந்து 1.4ஆக இறங்கிற்று; பாதிக்கு மேற்பட்ட இடங்களில் தொற்றே பூஜ்யம். ஐந்தில் ஒன்றாவது புதிதா என்றால், இல்லை. 1847இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் குளோரின் நீரில் மாணவர்களின் கையைக் கழுவச் சொன்ன நாளிலிருந்து முதலாவது விதி நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தத் தாளோடு சேர்ந்து போன ஓர் அதிகாரத்தைப் பற்றி நம் நாட்டில் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஐந்தில் ஒன்று தவறினால் பக்கத்தில் நிற்கும் செவிலி, அவசரநிலை அல்லாத பட்சத்தில், டாக்டரை நிறுத்தலாம். டாக்டர் கேளாவிட்டால் நிர்வாகம் செவிலியின் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே உறுதி கொடுக்கப்பட்டிருந்தது.

அதை நம் ஊரில் வைத்து எண்ணிப் பாருங்கள். இரவு இரண்டு மணி. டாக்டரின் கையுறை அணிந்த கை கட்டிலின் கம்பியில் பட்டுவிடுகிறது. செவிலி பார்த்துவிட்டாள்.

“சார், கிளவுஸ் கம்பியில பட்டுடுச்சு. வேற தரட்டுமா?”

“பரவாயில்ல சிஸ்டர், டைம் இல்ல. நீங்க ஃப்ளஷ் எடுங்க.”

அவள் ஃப்ளஷ், அதாவது குழாயை அலசும் சலைன், எடுக்கிறாள். அவளுக்கு வயது இருபத்துமூன்று, ஒப்பந்த வேலை, டாக்டர் முகம் சுளித்தால் மறுநாள் டியூட்டி மாறலாம். 1946இலேயே நாட்டின் முதல் பட்டச் செவிலியர் கல்லூரிகளில் ஒன்று வேலூரில் தோன்றிய வட்டாரம் நம்முடையது. படிப்பில் குறைவில்லை, பாடத்தில் எல்லாம் இருக்கிறது. கற்றதைச் சொல்ல வாய் திறந்தால் தண்டனை இல்லை என்ற உறுதிதான் இல்லை. விலையுயர்ந்த மருந்து தடவிய குழாய்களைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்துகிறோம். அந்தப் பெண் இரண்டாம் முறை வற்புறுத்திச் சொல்வதற்கு ஆகும் செலவு ஒரு காசும் இல்லை என்பதாலேயே அது யாருடைய கவனத்தையும் கவர்வதில்லை போலும்.

தாளை மட்டும் வாங்கிக்கொண்டு அதிகாரத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. பட்டியல் சுவரில் தொங்கும். டியூட்டி முடிகிற வேளையில், பார்த்தோ பாராமலோ, ஐந்து கட்டத்திலும் வரிசையாக டிக் விழும். மடி என்பது கோலால் துணியை எடுக்கும் சடங்காகச் சுருங்கிப்போனதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தில் மிச்சிகன் முறையை நாடு முழுவதும் அமல்படுத்தியபோது தொற்று குறைந்தது வாஸ்தவம். ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத ஆஸ்பத்திரிகளிலும் அதே அளவு குறைந்துகொண்டிருந்ததால், பட்டியலால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. எண்ணைத் தாங்களே மாதந்தோறும் பார்த்து வெட்கப்பட்ட இடங்களிலெல்லாம் தாள் இல்லாமலும் நோய் குறைந்தது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

நம் நாட்டில் வேரூன்றிய சில பழக்கங்கள் இருக்கின்றன, மிச்சிகன் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிறது; பாட்டில் கெட்டியானது, தானாகச் சுருங்காது; ஆகவே காற்று புகுவதற்காக அதில் இன்னோர் ஊசியைக் குத்திவிடுகிறார்கள். வார்டின் காற்று, அதிலுள்ள தூசியும் கிருமியுமாக, சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும் மருந்தோடு கலந்துகொண்டேயிருக்கிறது. காற்று புக வேண்டாதபடி தானே சுருங்கும் மூடிய பைக்கு மாறிய நான்கு நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் 1,000 நாட்களுக்கு 10.1ஆக இருந்த தொற்று 3.3ஆக இறங்கியதை 2011இல் வெளியான தொகுப்பாய்வு காட்டுகிறது. பாட்டிலைவிடப் பைக்கு விலை சற்று அதிகம். ஒரு நாள் ஐ.சி.யு. கட்டணத்தை வைத்துப் பார்த்தால் அது எந்த மூலைக்கு? இதேபோல ஒரே சலைன் பாட்டிலிலிருந்து பல நோயாளிகளுக்கு ஃப்ளஷ் எடுப்பது. குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் பத்துப் பதினைந்து விநாடி தேய்க்காமல், ஒரு தடவு தடவிவிட்டு ஊசியைச் செருகுவது. ஒட்டுத்துணி ஓரம் பிரிந்து ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்க, மாற்றும் நாள் வரவில்லை என்று காத்திருப்பது. இவற்றையெல்லாம் செவிலியரின் அசிரத்தை என்று தள்ளிவிடுவது சுலபம். ஒருத்தி இரண்டு நோயாளிக்குமேல் பார்க்கக்கூடாத இடத்தில் நாலு பேரைப் பார்க்க வைத்துவிட்டு, ஒவ்வோர் ஊசிக்கும் பதினைந்து விநாடி தேய்க்கவில்லை என்று குறை சொல்லுகிறவர், அவளுடைய ஒரு இரவின் ஊசிகளை எண்ணி, பதினைந்தால் பெருக்கிப் பார்க்கட்டும்.

எல்லா விதிகளிலும் கடைசியாக வருவதும், எனக்கு முதன்மையாகப் படுவதும், குழாயை எடுப்பது. இல்லாத குழாயில் கிருமி ஏறாது. ரத்த அழுத்தம் நிலைத்துவிட்டது, நோயாளி வாயால் கஞ்சி குடிக்கிறார், கைச்சிரையிலேயே ஊசி போடலாம். ஆயினும் குழாய் இருக்கிறது. ஏன் என்றால், இருக்கட்டும், ராத்திரி ஏதாவது வந்தால் மறுபடி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்கவும் சௌகரியம். இந்தச் சௌகரியத்தில் போகும் உயிர்களுக்குத் தனிக் கணக்கு யாரும் வைத்திருப்பதில்லை. தினமும் காலையில், ஒவ்வொரு படுக்கையின் முன்னும், இந்தக் குழாய் இன்று எதற்காக என்று ஒருவர் உரக்கக் கேட்கவும், காரணம் சொல்ல முடியாவிட்டால் அன்று மாலைக்குள் அதை எடுக்கவும் ஒரு நியமம் இருந்தால் போதும். புது யந்திரம் வேண்டாம்.

குடும்பத்தின் சம்பாதிக்கும் கை ஐ.சி.யு.வில் கிடந்தால் ஆரணியில் தறி நிற்கும்; பாவு பாதியில் தொங்கும்; அரசுக் காப்பீட்டு அட்டை ஒரு பகுதியைத் தாங்கினாலும், எட்டாம் நாளில் ஏறிய ஜுரத்துக்காக இன்னும் பத்து நாள் நீளும் படுக்கைக்கு மனைவியின் நகைதான் ஈடு. ஆகவே இதில் நமக்கும் பேச உரிமை உண்டு. என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் இந்தத் தொற்றின் விகிதத்தைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அது ரகசியமில்லை. போன மாதம் உங்கள் பிரிவில் 1,000 குழாய் நாட்களுக்கு எத்தனை என்று மரியாதையாகக் கேளுங்கள். உள்ளே போய்ப் பார்க்க ஐந்து நிமிஷம் அனுமதித்தால், கட்டிலைத் தொடுமுன் வாசலில் இருக்கும் கை திரவத்தை நீங்களும் தேய்த்துக்கொள்ளுங்கள், விபூதி பூசுவதற்கு முன்னாலும்தான். காலை ரவுண்ட்ஸ் முடித்து டாக்டர் வெளியே வரும்போது, பிழைப்பாரா என்று கேட்பதோடு நிற்காமல், கழுத்தில் இருக்கும் குழாய் இன்றைக்கும் தேவைதானா என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள்.